கலெக்டரின் காலுக்கு ஐஸ்

ராயபுரத்தில் பக்ருதீன் வளர்த்த வெள்ளை மட்டக்குதிரைக்குக் கலெக்டர் என்று பெயர். வைத்தவர் கமாலுதீன். அவர் வடசென்னை அலங்காரக் குதிரை உரிமையாளர் நலச் சங்கத்தின் நிறுவனத் தலைவர். சங்கத்தில் மொத்தம் இரண்டு உறுப்பினர்கள், இன்னொருவர் பக்ருதீன்.

பதினெட்டு வருஷம் கலெக்டர் மாப்பிள்ளைகளைச் சுமந்தது. ஏறியதும் பேரரசராகி, இறங்கியதும் செருப்பைத் தேடியவர்கள் எல்லோரையும் அதற்குத் தெரியும். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதற்கு ஜிலேபி ஊட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிடரியில் கொழுப்பு மேடு தட்டியது. "ராஜகளை மாமு" என்றார் கமாலுதீன். வயது இருபத்து மூன்று ஆனபோது, பங்குனி வெயிலிலும் முடி உதிராமல் சடைசடையாகத் தொங்கியது. அதுவும் ராஜகளைதான் என்றார். ஒரு நாள் காலை முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாமல் நின்றது. ராஜகளை அத்துடன் முடிந்தது.

கால்நடை டாக்டர் கிறிஸ்டினா குளம்பைத் தொட்டுப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டிபோல் சுட்டது.

"இதுவும் ஒரு மாதிரி சக்கரை வியாதிதான் பாய். குளம்புக்குள்ள வீங்கியிருக்கு. உள்ள இருக்கிற எலும்பு கீழ இறங்கிட்டா, அப்புறம் இதால நிக்கவே முடியாது."

ஜிலேபி, வெல்லம், வாழைப்பழம் எதுவும் கூடாது. காய்ந்த புல்லைக்கூட ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். புல்லிலேயே சர்க்கரை இருக்கிறதாம். காலுக்கடியில் கனமாக மணல். முதல் சில நாட்களுக்கு ஐஸ் தண்ணீரில் நிற்க வேண்டும். பக்ருதீனின் விரலைப் பிடித்துக் குளம்புக்கு மேலே, பின்பக்கமாக அழுத்திக் காட்டினார் டாக்டர்.

"துடிக்குதா? நல்லா இருக்கிற குதிரைக்கு இது கையிலயே கிடைக்கக் கூடாது."

பாதியாக வெட்டிய பீப்பாயில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, பக்ருதீன் அதில் கலெக்டரை நிறுத்திவைத்திருந்தார். அப்போதுதான் காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு நீலா வந்தார். தெருவுக்குப் பழகிய குரல். புருஷனைக் கடலில் இழந்தவர்.

"இன்னா பாய், கலெக்டருக்கு டீ போடறியா? தண்ணி கொதிச்சிகினு கீது."

"டாக்டரு ஐஸு போடணும்னு சொல்ட்டாங்கம்மா. எங்க போயி வாங்கறது?"

நீலா கூடையை இறக்கி, மீனுக்கு அடியிலிருந்த நொறுக்கு ஐஸை அப்படியே பீப்பாயில் கவிழ்த்தார்.

"கவுச்சி அடிக்கும். மூஞ்சிய சுளிச்சாருன்னா சொல்லு, சென்ட்டு அடிச்சி வுடறேன்."

கலெக்டர் முகம் சுளிக்கவில்லை. கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டது. தெருப் பூனைகள் ஐந்தும் வந்து பீப்பாயைச் சுற்றிப் பொதுக்குழு உறுப்பினர்கள்போல் உட்கார்ந்தன.

மறுநாளிலிருந்து நீலா தனியாக ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய ஐஸ் கொண்டுவந்தார். கொட்டிவிட்டு, கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து இருபது நிமிஷம் பேசுவார். ஏலத்தில் நடந்த சண்டை, கடலையே தான்தான் உண்டாக்கியதுபோல் நடக்கும் லாஞ்சு ஓனர், எர்ணாவூரில் கட்டிக்கொடுத்த மகள். பக்ருதீன் மாப்பிள்ளைக் கதைகளைச் சொல்வார். நீலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். மனைவி இறந்த ஆறு வருஷத்தில் பக்ருதீன் அந்த வீட்டில் பேசியது கலெக்டரிடம் மட்டுமே, அது சிரித்ததில்லை. நீலா போன பிறகு மீதமிருக்கும் இருபத்து மூன்று மணி நாற்பது நிமிஷத்தை என்ன செய்வதென்று இப்போது அவருக்குத் தெரியவில்லை.

"குதிரைக்குக் காலு வலி" என்றார் கமாலுதீன். "நீ இன்னாத்துக்கு மாமு டெய்லி ஷேவிங் பண்ணிகினு கீற?"

ஒன்பதாம் நாள் டாக்டர் வந்து விரலை வைத்துப் பார்த்தார். துடிப்பு கிடைக்கவில்லை.

"பிழைச்சிடுச்சு பாய். ஐஸ் போதும். இனிமே ஈரமே வேண்டாம், காய விடுங்க."

பக்ருதீன் தலையாட்டினார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால் நீலாவிடம் எதுவுமே சொல்லாமல் இருந்துவிட்டார்.

"காலு எப்டி கீது?" என்று மறுநாள் நீலாவே கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் சூடா கீற மாதிரிதான் கீது."

பொய் வந்துவிட்டது.

அதன் பிறகு தினமும் காலையில் நீலா வருவதற்கு முன், பக்ருதீன் உட்கார்ந்து அந்த இடத்தில் விரலை வைத்துத் தேடுவார். துடிப்பு இருக்காது. அல்லாவுக்கு நன்றி சொல்வார். சொல்லிவிட்டு, இன்னொரு தரம் அழுத்திப் பார்ப்பார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் வந்தபோது நீலா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். டாக்டர் காலைத் தூக்கிக் குளம்பின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஊறிய சோப்புபோல் அமுங்கியது.

"பாய், ஐஸை நிறுத்தச் சொல்லி ரெண்டு வாரம் ஆச்சே! இப்படியே விட்டிருந்தா உள்ள சீழ் பிடிச்சிருக்கும்."

பக்ருதீன் மணலைப் பார்த்தார்.

"ரெண்டு வாரமாவா?" என்றார் நீலா.

நீலா எழுந்து கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அது வாயில்லாத ஜீவன் பாய். ஒனக்கு வாய் கீதே."

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பூனைகள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு வேறு அலுவலகம் போயின. பக்ருதீன் ஈர மணலை அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்த மணலைப் பரப்பினார். குளம்பு மெல்ல இறுகியது. ஐந்தாம் நாள் கலெக்டர் தயங்காமல் பத்து அடி நடந்தது. அதைச் சொல்ல கமாலுதீன்தான் கிடைத்தார். உடனே அவர் சங்கத்தின் சார்பில் நலம்பெற்ற விழா நடத்தலாம் என்றும், பேனர் தன் பொறுப்பு என்றும், கலெக்டருக்குத் தன் கையாலேயே ஜிலேபி ஊட்டுவதாகவும் சொன்னார். பக்ருதீன் கேட்டைச் சாத்தினார்.

ஆறாம் நாள் காலை நீலாவின் குரல் கேட்டது. இந்தத் தெருவில் இல்லை, பின் தெருவில். "மீனு, மீனேய்!" குரல் கிட்டே வந்தது, பிறகு தள்ளிப் போகத் தொடங்கியது. பக்ருதீன் கலெக்டரைப் பார்த்தார். அதன் நாலு காலும் நன்றாக இருந்தன. இந்தத் தடவை அதை வைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். திருப்பத்தில் மூச்சு வாங்கியது.

நீலா நின்றார். கூடையை இறக்கவில்லை.

"கலெக்டர் காலு?"

"நல்லா ஆயிட்ச்சி. நடக்குது."

"அப்பறம் இன்னா?"

பக்ருதீன் நெற்றியைத் துடைத்தார். நீலா அவருடைய கைகளைப் பார்த்தார்.

"பை எங்க?"

"எடுத்துகினு வர்ல."

"அப்ப மீனு வாங்க வர்ல."

"வர்ல" என்றார் பக்ருதீன்.

மாடியிலிருந்து யாரோ வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நீலா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கு எர்ணாவூருக்குப் போறேன், பொண்ணு வூட்டுக்கு. நாளன்னைக்கு ஒன் தெரு பக்கம் வருவேன். ஐஸு கெடையாது, சொல்ட்டேன்."

"ஐஸு வாணாம்."

சிரித்தபடியே வீட்டுக்குத் திரும்பி, கேட்டைத் திறக்கும்போதுதான், நாளன்னைக்கு என்றால் நடுவில் முழுசாக ஒரு நாள் இருக்கிறது என்பது பக்ருதீனுக்கு உறைத்தது.