ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பெட்டி

ஆல்வின் குபாலாவுக்குப் பெண்டாட்டி, பிள்ளை, மாடு, கன்று எல்லாம் ஒரு பக்கம். ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு பக்கம். ஹ்ராடெக் ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. பழுப்புத் துணி போர்த்திய பெட்டி அது. வால்வுகள் சூடேறும்வரை பக்கத்தில் யாரும் பலமாகத் தும்மக்கூடக் கூடாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அதன் குரலைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் இனிப்பு, அழுது ஓய்ந்த பிறகு பேசுகிறவளின் தொண்டை மாதிரி. அதற்கு இருந்த கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான். நினைத்த நேரத்தில் மண்டையைப் போட்டுவிடும்.

போன மாதம் ஹான்ஸ்லிக் வீட்டுக் கல்யாணத்தில் போட்டது. அதுவும் எப்போது? கிராண்ட் மார்ச் நடுவில். பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னே நடக்க, ஊரே ஜோடி ஜோடியாகப் பின்னால் வளைந்து வளைந்து மண்டபத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற ஊர்களில் அதற்கு அக்கார்டியன் வாசிப்பார்கள். ஹ்ராடெக்கில் குபாலா வீட்டுக் கிட்டார்தான். பெட்டி படாரென்று ஊமையானதும் முன்னால் போனவர்கள் நின்றார்கள், பின்னால் வந்தவர்கள் நிற்கவில்லை. ஒரு பாட்டியம்மாள் பாதிரியார் மடியில் போய் உட்கார்ந்தாள். இன்றுவரை ஊர் அதைச் சொல்லிச் சிரிக்கிறது.

சிரிக்காதவள் ஒருத்தி உண்டு. ஆல்வினின் ஒரே மகள் லியோனா. சனிக்கிழமை அவளுக்கே கல்யாணம், அதே மண்டபத்தில்.

"அப்பா, என் மார்ச்சுக்கு நீங்கதான் வாசிக்கணும். ஆனா அந்தப் பெட்டி மட்டும் வேண்டாம்ப்பா."

"அப்ப நானும் வேண்டாம்னு சொல்லு."

"நான் அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படிச் சொன்ன? அது இல்லாம வாசிச்சா அது நான் இல்ல. எவனோ ஒருத்தன் வாசிக்கிறான்னு அர்த்தம்."

அடுப்படியில் கொலாச்சி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா டெல்ஃபீன் தலையை மட்டும் நீட்டினாள். "என்னைக் கட்டுறப்பவே சொல்லியிருக்கலாம், ஏற்கெனவே ஒருத்தி இருக்கான்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லியோனாவுக்கு அழுகை முட்டியது. சின்ன வயதிலிருந்து எத்தனை பேர் கல்யாணத்துக்கு அவர் வாசிக்கக் கேட்டிருக்கிறாள்! தன் முறை வரும்போது மேடையில் வேறு ஆள் நிற்பதா? அவர் நின்று, பாட்டு பாதியில் சாவதா? இரண்டில் எதையும் அவளால் தாங்க முடியாது.

யோசனை சொன்னவர் தாய்மாமன் லாட் மாரெக். அவரும் கிட்டார்க்காரர்தான். அவருடையது எழுபத்துநாலாம் வருஷத்துப் பெட்டி, வெள்ளித் தகடு முகப்பு. கீழே போட்டாலும் மழையில் நனைத்தாலும் பாடும். ஆல்வினுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"பத்து வருஷமா ஒரு ஃபியூஸ் மாத்தல மாப்ளே" என்பார் லாட்.

"உள்ள உயிர்னு ஒண்ணு இருந்தாத்தானே மச்சான் போகும்? அம்பதுகள்ல காதுள்ளவன் செஞ்சான். அறுபதுகள்ல படிச்சவன் செஞ்சான். எழுபதுகள்ல கணக்குப்பிள்ளை செஞ்சான். அதுக்கப்புறம் செஞ்சவனைப் பத்தி நான் பேசுறதே இல்ல."

"அவ்வளவு காது இருக்குல்ல? திரும்பி உக்காரு. துணிக்குப் பின்னால பெட்டிங்களை வச்சு நான் வாசிக்கிறேன். உன்னோடது எதுன்னு சொல்லிட்டா சனிக்கிழமை அதுதான். தப்பாச் சொன்னா, லியோனா காட்டுற பெட்டியில முணுமுணுக்காம வாசிக்கணும்."

"தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கொண்டு வா."

வியாழக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் தோரணம் கட்ட வந்தவர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு பீரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். மேடைக்குக் குறுக்கே கட்டில் விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆல்வின் மேடைக்கு முதுகைக் காட்டி, தீர்ப்பு சொல்லப்போகும் நீதிபதி தோரணையில் கால்மேல் கால் போட்டிருந்தார். விரிப்புக்குப் பின்னால் லாட் மாமாவும் லியோனாவும்.

முதலில் லியோனாவின் பழைய டிரான்சிஸ்டர் பெட்டி. லாட் ஒரு வரி வாசித்தார்.

"இதை வாசல் மணிக்கு மாட்டுங்க" என்றார் ஆல்வின். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அடுத்து மண்டபத்துக்குச் சொந்தமான அறுபத்தஞ்சாம் வருஷத்துக் கறுப்பு முகப்பு.

"இது அறுபதுகள். தெளிவு, சுத்தம், மரியாதை. இஸ்திரி போட்ட சட்டை. கோயிலுக்குப் போட்டுட்டுப் போகலாம், அதோட ஆட முடியாது. அடுத்தது!"

அடுத்தது ஐம்பத்தெட்டு. லாட் வயரைச் செருகிக் கிட்டாரைத் தட்டினார். சத்தமே இல்லை. சிவப்பு விளக்கு மட்டும் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்த மாமாவின் முகம் சுருங்கியது.

"டிரான்ஸ்ஃபார்மர் வெந்துபோச்சு கண்ணு" என்று கிசுகிசுத்தார். "புதுசு வரவழைக்கணும். சனிக்கிழமைக்குள்ள ஆகாது."

"என்ன மச்சான், பயந்துட்டியா?" என்று வெளியிலிருந்து ஆல்வின் குரல் கொடுத்தார்.

லாட் என்ன நினைத்தாரோ, தன் வெள்ளித் தகடு பெட்டியிலேயே வயரைச் செருகினார். பிறந்ததிலிருந்து நாலைத் தாண்டாத சத்தக் குமிழை எட்டுக்குத் திருப்பிவிட்டு, மெத்தென்று ஒரு வரி தடவினார். கரகரவென்று, இனிப்பாக வந்தது.

ஆல்வின் எழுந்தே நின்றுவிட்டார். "இதோ! இதுதாண்டா! கேட்டீங்களா, கடைசியில எப்படிக் கலங்குது பாருங்க! நாற்பது வருஷத்துக்கு மரம் காய்ஞ்சாத்தான் இது வரும். சரி, இப்ப அந்த எழுபத்துநாலையும் போடு. வித்தியாசம் தெரியட்டும்."

லாட் அதே பெட்டியில் குமிழை இரண்டுக்கு இறக்கிவிட்டு வாசித்தார்.

"கேட்டீங்களா? பொணம்!" என்றார் ஆல்வின். "வாயைத் தொறக்குது, பேச்சு வரல. மச்சான், இதோட எப்படித்தான் குடித்தனம் பண்றியோ!"

லியோனா வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள். விரிப்பை விலக்கி உண்மையைச் சொன்னால் பந்தயம் அவளுக்குத்தான். ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவமானப்பட்ட மனுஷன் சனிக்கிழமை மேடை ஏறுவாரா? சத்தியமாக ஏறமாட்டார்.

"சொல்லிடட்டுமா மாமா?"

"சொன்னா பந்தயம் ஜெயிப்ப, அப்பனைத் தோத்துடுவ. சும்மா இரு, மேடையை நான் பாத்துக்கிறேன்" என்ற லாட், "நீதான் ஜெயிச்ச மாப்ளே, சனிக்கிழமை உன் பெட்டிதான்!" என்று வெளியே கேட்கக் கத்தினார்.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் முகப்பில் இரண்டு துளை இருக்கும். ஒன்றில் கிட்டாரைச் செருகினால் இன்னொன்றின் வழியாக அதே கிட்டாரை வேறு பெட்டிக்குக் கொண்டுபோகலாம். சனிக்கிழமை லாட் அதைத்தான் செய்தார். பழுப்புப் பெட்டி மேடையில் சிவப்பு விளக்கோடு ராஜா மாதிரி வீற்றிருந்தது. அதன் இரண்டாவது துளையிலிருந்து ஒரு கறுப்பு வயர் கிளம்பி, பூத்தொட்டிக்குப் பின்னால் பதுங்கி, மேடைக்கு அடியில் இருந்த வெள்ளித் தகடு பெட்டிக்குப் போனது. குமிழ் எட்டில்.

ஆல்வின் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வரி வாசித்தார். முகம் சுளித்தார். குனிந்து, செத்த பெட்டியின் குமிழை ஒரு மயிரிழை திருப்பினார். மறுபடி வாசித்தார்.

"ம், இப்ப சரி" என்றார். "பாத்தியா மச்சான்? ஒரு இழைதான். அதுலதான் எல்லாமே இருக்கு."

"ஆமா மாப்ளே, எனக்கே வித்தியாசம் தெரியுது" என்றார் லாட், கண்ணில் நீர் முட்ட. அது சிரிப்பை அடக்கிய நீர்.

சாப்பாடு முடிந்தது. மேசைகளை ஓரம் தள்ளினார்கள். மார்ச் தொடங்கியது. லியோனா புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாள். பின்னால் ஜோடி ஜோடியாக ஊர். என்ன வாசிப்பு அது! அப்பா இப்படி வாசித்து அவள் கேட்டதே இல்லை. ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் மேடைக்கு நேரே வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள்.

பழுப்புப் பெட்டியின் பின்பக்கம் மெல்லிசாகப் புகை எழுந்தது. சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. அணைந்தது.

பாட்டு மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆல்வின் பார்த்துவிட்டார். விரல்கள் ஓட, கண் மட்டும் அணைந்த விளக்கிலிருந்து இறங்கி, கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டு பூத்தொட்டி வரை போய், மேடை விளிம்பில் நின்றது. அங்கே லாட் உத்தரத்தில் என்னமோ எழுதியிருப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவின் கண் நேராக லியோனாவிடம் வந்தது. எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. வியாழக்கிழமை எதைக் கேட்டு எழுந்து நின்றார், எதைப் பிணம் என்றார், எல்லாமே. அவர் காது சிவந்ததை அவள் அங்கிருந்தே பார்த்தாள்.

கிட்டாரிலிருந்து வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்கிப் போகிற ஆள்தான் அவர். போய்விடுவார் என்றே நினைத்தாள். அவள் கால் நகரவில்லை. கல்யாணப் பெண் நின்றதும் பின்னால் வந்த ஜோடி அவள் முதுகில் மோத, அதற்குப் பின்னால் வந்தவர்கள் தடுமாற, ஹான்ஸ்லிக் வீட்டுக் கூத்து மறுபடி அரங்கேறப்போகிறது என்று மண்டபமே மூச்சைப் பிடித்தது.

ஆல்வின் மைக்குக்குக் குனிந்தார்.

"எல்லாரும் பாத்துக்குங்க" என்றார். "ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சரக்கு. செத்தும் பாடுது. ஏய் மச்சான், உன் கணக்குப்பிள்ளை இதைச் செய்வானா?"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிச் சிரித்தார்கள். விஷயம் தெரிந்தவர்களும் சிரித்தார்கள், தெரியாதவர்களும் சிரித்தார்கள். லாட் மாமா முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். ஆல்வின் சிரிக்கவில்லை. மைக்கை விட்டு விலகி, மேடை விளிம்புக்கு வந்து, வாசிப்பை ஒரு தட்டுக்கூட விடாமல் மகளைப் பார்த்துக் குனிந்தார்.

"நீ ஏம்மா நிக்கிற? நட. அப்பா வாசிக்கிறேன்ல."