மூடி மாறிய தட்டுகள்

ஆய்வகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் கட்டடமே இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் இப்படி ஒரு மடத்தனம் பண்ணுவாளா? பண்ணிவிட்டாள். செல் வளர்க்கும் தட்டின் அடியில் எழுத வேண்டிய அடையாளத்தை அவசரத்தில் மூடியின்மேல் எழுதித் தொலைத்தாள்.

அவசரத்துக்குக் காரணம் தம்பி. அவன் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. ரத்தத்துக்கு விதையான செல்கள் அடியோடு செத்திருக்கலாம். இல்லையென்றால், கிருமியை அடிக்க வேண்டிய காவல் செல்களே புத்தி பிசகி விதைகளை மொத்திக்கொண்டிருக்கலாம். 'போதும், நிறுத்து' என்று அந்தக் காவல் செல்களை அடக்கும் மரபணு ஒன்று உண்டு. தம்பியிடம் அது பழுதாகவில்லை, அணைந்துதான் கிடக்கிறது என்று ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். விதை பிழைத்திருந்தால் அந்த மரபணுவை எழுப்பிக் காவலை அடக்கும் மருந்து போதும். செத்திருந்தால் வேறொருவர் மஜ்ஜை வேண்டும். அக்காவுடையது பொருந்தவில்லை, வேறு யாரும் கிடைக்கவில்லை. தம்பி தன் பைக்கைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடச் சொல்லிச் சாவியையும் அனுப்பிவிட்டான். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அதனால்தான் மூன்று தட்டு. ஒன்றில் ஒப்பிட்டுப் பார்க்க அவளுடைய மஜ்ஜை. இன்னொன்றில் தம்பியுடையது, உள்ளபடியே. மூன்றாவதில் தம்பியுடையதிலிருந்து காவல் செல்களைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சம். அந்த மூன்றாவது முளைத்தால் விதை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

தட்டைப் பார்க்கும் நாள் காலையில் ஓடிவந்தால், வாசலிலேயே ரேடியோ நிற்கிறாள். உடன் வேலை செய்பவள், வாய் ஓயாது. இன்று ஓய்ந்திருந்தது.

"கோச்சுக்காதடி. மூடியில ஆவி படிஞ்சிருந்துச்சு. மூணையும் கழட்டித் தொடச்சேன். இப்ப எது எதோட மூடின்னு தெரியல."

"அடிப்பாவி! என் தம்பி உயிருடி அது!"

"நீ அடியில எழுதியிருப்பேன்னு நெனச்சேன்..."

தப்பு தன்னுடையதுதான் என்று பூதக்கண்ணாடிக்கு உறைத்தது. முதல் தட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். கொத்துக் கொத்தாகச் சிவப்பு, புதிதாக ஊறிய ரத்தம். இது தன்னுடையதாகத்தான் இருக்கும். இரண்டாவது துடைத்துவிட்டதுபோல் காலி. மூன்றாவதைப் பார்க்கவே பயமாக இருந்தது, பார்த்தாள். அதிலும் சிவப்பு! கொஞ்சம்தான், ஆனால் கொத்து கொத்துதான்.

"இதுல எது உன்னோடது, எது தம்பியோடது? திரும்ப முதல்லேர்ந்தா?" ரேடியோ தலையில் கைவைத்தாள்.

பூதக்கண்ணாடி நாற்காலி உருள எழுந்தாள். "எதுக்குடி கண்டுபிடிக்கணும்? என் தட்டு ஒண்ணுதான். மொளைச்சிருக்கிறது ரெண்டு!"

ரேடியோவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

பூதக்கண்ணாடி மருத்துவமனையில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், விதை சாகலடா! டாக்டர்கிட்ட சொல்றேன், இன்னைக்கே மருந்து ஆரம்பிச்சுடுவாங்க!"

"அழறியா, சிரிக்கிறியா?"

"ரெண்டும்தான், போடா!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அக்கா, பக்கத்து வீட்டுக்காரன்கிட்டேர்ந்து பைக் சாவிய வாங்கி வை."