ஊறின பல்

பேட்டரிக் கம்பெனியில் அவனுக்கு ‘பிரஷ்’ என்று பெயர் விழுந்து ஏழு வருஷம் ஆகிறது. சார்ஜிங் ரூமில் வரிசை வரிசையாகப் பேட்டரிகள் நுரைத்துக்கொண்டிருக்கும். ஆசிட் ஆவி துணி மாஸ்க்கைத் தாண்டி வந்து நாக்கில் புளிப்பாக உட்காரும். ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியதும் மற்றவர்கள் டீக்கு ஓட, இவன் குழாயடியில் நின்று பல் பிரஷ்ஷை எடுத்துவிடுவான். சட்டைக் காலரைக் கசக்குகிற மாதிரி தேய்ப்பான். துப்பினால் நுரை ரோஸ் நிறத்தில் விழும்.

“டேய் பிரஷ், அது உன் பல்லா, வாடகைக்கு எடுத்ததா?” என்பான் பக்கத்து ரேக்கில் வேலை பார்க்கிற மொட்டை. அவனுக்கு மேல்வரிசையில் மிச்சம் மூணே பல்.

“உன் வாயைப் பாத்த பயத்துலதான் தேய்க்கிறேன்.”

வீட்டிலும் அதே சட்டம்தான். காலையும் ராத்திரியும் பெண்டாட்டியும் மகளும் வாஷ்பேசின் முன்னால் நிற்கவேண்டும். இவன் பின்னால் மேஸ்திரி மாதிரி நின்று எண்ணுவான்.

“ஈறு எரியுதுப்பா.”

“எரிஞ்சாத்தாண்டி அழுக்கு போவுதுன்னு அர்த்தம். அழுத்து.”

இவ்வளவு செய்தும் அவனுடைய முன்பற்கள் தேய்ந்துகொண்டே வந்தன. ஓரமெல்லாம் கண்ணாடிச் சில்லு மாதிரி மெலிந்துபோனது. பச்சைத்தண்ணீர் பட்டால் மண்டைவரை சுரீரென்று ஏறியது. சூப்பர்வைசரிடம் போய் நின்றான்.

“ஆசிட்டால தேஞ்சதுன்னு பல் டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். மறுநாளே உன்னைப் பேக்கிங்குக்கு மாத்திடறேன்.”

பேக்கிங்கில் ஆவி கிடையாது. அட்டைப்பெட்டியும் டேப்பும்தான். மிச்சமிருக்கிற பல்லாவது தங்கும்.

கம்பெனிக்குப் பல் டாக்டர் வருகிற அன்று பெண்டாட்டி சொல்லித்தான் அனுப்பினாள். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பெருமை பேச ஆரம்பிச்சிடாதீங்க.”

கேன்டீனில் நாற்காலி போட்டு, கையில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார் கம்பெனி வரவழைத்த டாக்டர். மொட்டை முதலில் போய்விட்டு வந்து சீட்டை நீட்டினான். ‘பல் துலக்காததால் சேதம்.’ இவனுக்குத் தெம்பு வந்தது. தன்னை அப்படி எவனும் எழுத முடியாது.

“எப்ப பல் தேய்ப்பீங்க?” டாக்டர் கேட்டார்.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் மரியாதையாகக் கேட்கிறார். “ஷிப்ட் முடிஞ்ச அடுத்த நிமிஷம் சார். பத்து நிமிஷம், நல்லா அழுத்தி. ஒருநாள் விட்டதில்ல.” சட்டைப் பையிலிருந்து பிரஷ்ஷையும் எடுத்துக் காட்டினான். நாரெல்லாம் மிதிபட்ட புல் மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தது.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆசிட் பட்டதும் பல்லோட மேல்பூச்சு ஊறி இளகிடும். அப்ப வெறும் தண்ணியில கொப்பளிச்சிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு மெத்துன பிரஷ்ஷால தேய்க்கணும். நீங்க ஊறினதை ஊறினபடியே சுரண்டியிருக்கீங்க.”

“இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லலையே சார். ஊற வச்சது ஆசிட்டுதானே?”

“தேச்சது பிரஷ்ஷு.” பேனா நிற்கவில்லை.

வெளியே வந்து சீட்டைக் காட்டினான். ‘தவறாகப் பல் துலக்கியதால் தேய்மானம்.’ மொட்டை வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தான். “நான் தேய்க்கல, என் தப்பு. நீ தேச்சே, உன் தப்பு. ஆசிட்டு பாவம், அது என்ன பண்ணுச்சு?” சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. இவன் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தான்.

வீட்டுக்குப் போனபோது மகள் வாஷ்பேசினில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை இடிக்க, கண் கலங்க, அவன் பழக்கிவிட்ட வேகத்தில்.

“நிறுத்தும்மா.”

“இன்னும் எண்ணி முடிக்கலப்பா.”

பிரஷ்ஷைப் பிடுங்கினான். அவள் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தான். பன்னிரண்டு வயசுப் பல்லுக்கு மேல் ஈறு விலகி, வேர் மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

“சரியாத் தேச்சிருக்கேனாப்பா?”

பெண்டாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன எழுதினாரு?” என்றாள்.

மகளின் உதட்டிலிருந்து அவன் கையை எடுக்கவில்லை. “காலையில ஆறு மணிக்கு எழுப்பிவிடு,” என்றான். “சார்ஜிங் ரூம்தான்.”