இருமினால்தான் வீட்டுக்கு

மாமனுக்குத் தொழில் பெயின்ட் அடிப்பது. பொழுதுபோக்கு அக்கா மகளைச் சீண்டுவது. அவளுக்கு ஏழு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு.

வாலு பிறந்தபோதே இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. தானாக மூடிக்கொள்ளுமா என்று வருடக்கணக்கில் பார்த்தார்கள். அது மூடுகிற வழியாகக் காணோம். கடைசியில் நெஞ்சைத் திறந்து, ஒட்டுப் போட்டுத் தைத்துவிட்டார்கள். ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர், "நல்லபடியா முடிஞ்சது" என்றதும் மாமன் கையெடுத்துக் கும்பிட்டான். டாக்டரோடு நிறுத்தவில்லை. பின்னால் வாளியோடு வந்த துப்புரவுக்காரருக்கும் ஒரு கும்பிடு விழுந்தது. அவர் பதறிப்போய்த் தானும் கும்பிட்டார்.

மூன்றாம் நாள் வாலுவை வார்டுக்கு மாற்றினார்கள். அங்கேதான் புதுத் தலைவலி ஆரம்பித்தது. நெஞ்சில் தையல் வலிக்குப் பயந்து அவள் மூச்சை மேலோடு மேலாக விட்டுக்கொண்டிருந்தாள். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியவில்லை, சளி வேறு தேங்கியிருந்தது. மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு சின்னத் தலையணையைக் கொண்டுவந்து, "இதை நெஞ்சோட அணைச்சுக்கோ, வலி தெரியாது. ஒரே ஒரு தடவை இருமு கண்ணு" என்று கெஞ்சினாள். வாலு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். சோப்புக் குமிழி ஊதச் சொன்னால், "நீங்களே ஊதுங்க, நான் பாக்கறேன்" என்றாள்.

"இருமினாத்தான் வீட்டுக்கு விடுவாங்களாம்டி" என்றாள் அக்கா.

"பரவால்ல. இங்கயே இருந்துக்கறேன்."

மாலை பார்வை நேரத்தில் மாமன் வந்தான். வாசலிலேயே வார்டு சிஸ்டர் அவனை நிறுத்தி, நகக்கண்ணில் பச்சைப் பெயின்டைப் பார்த்துவிட்டு மூன்று முறை கை கழுவ வைத்தார். உள்ளே போனதும் அவன் வழக்கமான கச்சேரியைத் தொடங்கினான்.

"இன்னிக்கு ஒரு வீட்டுல கதவுப் பக்கம் உருளையால அடிச்சிட்டிருந்தேன். வீட்டுக்காரர் என்ன சத்தம்னு கதவைத் தொறந்து தலையை நீட்டினார் பாரு. நல்ல வழுக்கை. நான் சுவருன்னு நெனச்சு ஒரே இழுப்பு."

வாலுவின் உதடு துடித்தது.

"அவரு கண்ணாடியைப் பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'தம்பி, கலர் நல்லாருக்கு, ஆனா ரெண்டாவது கோட்டு வேண்டாம்'னாரு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கூடவே வலியும் வந்தது. சிரிப்பும் அழுகையும் இருமலுமாக அவள் தலையணையைப் பிடித்துக்கொண்டு துடித்ததைப் பார்த்து மாமன் வெலவெலத்துப்போனான். சிஸ்டர் ஓடிவந்தார்.

"தையல் போட்டு மூணு நாள்தான் ஆகுது. இங்க வந்து கூத்தடிக்கிறீங்களா? வெளிய போங்க சார்."

மாமன் வார்டுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, தன் வாயைத் தானே மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைக்குத் தையல் விட்டுப்போயிருந்தால்? அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? அரை மணி கழித்து மூச்சுப் பயிற்சிப் பெண் அவனைத் தேடி வந்தாள்.

"வழுக்கைத் தலைக் கதை சொன்னது நீங்களா?"

"தெரியாம சொல்லிட்டேன் மேடம். இனிமே வாயே தொறக்க மாட்டேன்."

"தொறங்க. தையலுக்கு ஒண்ணும் ஆகல. காலைலேருந்து வராத சளி இப்பதான் வந்திருக்கு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துடுங்க. சிஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாள் பத்து மணிக்கு மாமன் தலைவாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து நின்றான். கட்டிலைச் சுற்றி அக்கா, பயிற்சிப் பெண், கையைக் கட்டிக்கொண்டு சிஸ்டர். எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். நேற்று பிள்ளை வலியில் துடித்தது அவன் கண்முன் வந்து நின்றது. ஊரையே சிரிக்கவைக்கும் வாய்க்குப் பூட்டுப் போட்டாற்போல் ஆகிவிட்டது.

"வந்து... ஒரு வீட்டுல..." என்றான். அதற்கு மேல் வரவில்லை. "இங்க வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கு."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றாள் அக்கா.

வாலு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெரிய மனுஷிபோலச் சிஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"எங்க மாமாவுக்கு வராது சிஸ்டர். நான் சொல்றேன். எனக்கு ரத்தம் குடுக்க சிங்கம் மாதிரி கையை நீட்டிட்டு வந்துச்சு. ரத்தம் எடுக்கற நர்ஸ் ஊசியக்கூட எடுக்கல, பஞ்சைத்தான் எடுத்தாங்க. அதுக்கே தொப்புனு விழுந்துடுச்சு."

"யாருடி சொன்னது உனக்கு?" என்று மாமன் அக்காவை முறைத்தான். அக்கா மேற்கூரையைப் பார்த்தாள்.

"முழிச்சதும் என்ன கேட்டுச்சு தெரியுமா?" கதையின் சுவை கெடாமலிருக்க வாலு இடையில் நிறுத்தி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள். "'எவ்ளோ எடுத்தீங்க'ன்னு கேட்டுச்சு!"

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். வாலு தலையணையை இறுக அணைத்துக்கொண்டு சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். பயிற்சிப் பெண் ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கி, மறுகையில் காகிதத் துண்டை நீட்டியபடி, "அப்படித்தான் கண்ணு, இன்னொண்ணு" என்றாள். மாமனுக்கு மானம் போனதும் தெரிந்தது, அதைவிடப் பெரிதாக ஏதோ வந்ததும் தெரிந்தது.

அன்றிலிருந்து வேளாவேளைக்கு அந்தக் கதை நடந்தது. ஒவ்வொரு முறையும் கதையில் அவன் இன்னும் கொஞ்சம் சத்தமாக விழுந்தான். ஆறாம் நாள் எடுத்த எக்ஸ்-ரேயில் நுரையீரல் அடிவரை விரிந்திருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார்.

மாமனின் விரலைப் பிடித்துக்கொண்டு வாலு வராந்தாவின் கடைசிவரை நடந்தாள். முன்பெல்லாம் பத்தடி நடந்தாலே உதடு வெளுத்து உட்கார்ந்துவிடுவாள். இன்று நிற்கவே இல்லை. மாமன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்கத் தொடங்கினான்.

"மாமா, என்ன பண்ற?"

"அறிவிப்பு படிக்கறேன்."

"ரெண்டு வரிதானே இருக்கு. எழுத்துக்கூட்டிப் படிக்கறியா?"

"ஆமா" என்றான் மாமன், முகத்தைத் திருப்பாமலே. "பொறு, இன்னும் முடியல."