தொப்பை சாரின் முகம்

ஊரடங்கில் கல்லூரியை இழுத்துப் பூட்டி, பாடமெல்லாம் கம்ப்யூட்டர் திரைக்குள் வந்து சேர்ந்ததும் பேராசிரியைக்கு வந்த முதல் கவலை, அழுத்திக் காட்ட ஒரு வயிற்றுக்கு எங்கே போவது என்பதுதான். நோயாளியைத் தொட்டுப் பார்க்க மருத்துவ மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் அவர். அதைப் படம் காட்டிச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ன? வேலைத்தளம் மூடிவிட்டதால் சோபாவே கதி என்று கிடந்த எஞ்சினியர் கணவர் கண்ணில் பட்டார். மறுநாளே மனுஷர் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டு மேசைமேல் மல்லாந்து படுத்தார். ஒரே வாரத்தில் மாணவர்கள் 'தொப்பை சார்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கோபம் வரவேண்டுமே! பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்வு வந்தது. அப்பா, அண்ணன், சித்தி என்று வீட்டில் யாரையாவது படுக்கவைத்து, கேமரா முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும். எல்லோரும் எப்படியோ சமாளித்தார்கள், ஒருத்தியைத் தவிர. ஊருக்குப் போக வழியில்லாமல் விடுதி அறையில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டவள் அவள். தொட்டுப் பார்க்கத் தலையணைதான் இருந்தது. இந்தத் தேர்வை விட்டால் அரை வருஷம் வீண். பேராசிரியை, வேறு கல்லூரியிலிருந்து நியமிக்கப்பட்ட தேர்வாளரிடம் மல்லுக்கு நின்றார்.

"அவ வாயால சொல்லட்டும் சார். என் வீட்டுக்காரர் வயித்துல என் கை அதை மட்டும் செய்யும்."

"சொல்லாததைச் செஞ்சீங்கன்னா அப்பவே அவ ஃபெயில்," என்றார் அந்தச் சிடுமூஞ்சி.

தேர்வன்று திரையில் ஒரு கட்டத்தில் மாணவி, இன்னொன்றில் தேர்வாளர். மேசைமேல் வழக்கம்போல் கணவர்.

"மேடம், சாரோட வலது பக்கம் நில்லுங்க. கையைத் தட்டையா வச்சு, அடிவயித்துல இடது பக்கம் மெதுவா அழுத்துங்க."

கை அழுத்தியது. கண், மாணவிக்குத் தெரிகிறதா என்று கேமராவைப் பார்த்தது. அடுத்து எந்த இடம் என்று அவள் சொல்ல வேண்டும். சத்தமே இல்லை. சொல்லித் தொலையேன்டி என்று பேராசிரியை மனசுக்குள் கெஞ்சினார்.

"என்னம்மா, மறந்துபோச்சா?" என்றார் தேர்வாளர்.

"இல்ல சார்." அவள் கேமராவுக்குக் கிட்டே வந்தாள். "மேடம்... நீங்க தப்பு பண்றீங்க."

பேராசிரியைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அழுத்தும்போது நோயாளி முகத்தைப் பார்க்கணும். வலிச்சா முகம்தான் முதல்ல காட்டிக்கொடுக்கும். நீங்க கேமராவையே பார்த்துட்டிருக்கீங்க. சாரைப் பாருங்க மேடம்."

இருபது வருஷமாக வார்டில் அவரே தொண்டை கிழியக் கத்திய பாடம் அது. தெரிகிறதா, கேட்கிறதா என்று கேமராவோடு மாரடித்ததில் எப்படியோ நழுவிப்போயிருந்தது. வெட்கத்தோடு திரும்பினார்.

கணவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வாரமும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பேராசிரியைக்கு அந்த மனுஷர்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது.

"என்ன தெரியுது மேடம்?" என்று கேட்டாள் மாணவி.

"வலி இல்ல." பேராசிரியை குனிந்து உற்றுப் பார்த்தார். "தாடி வளர்ந்திருக்கு. ரொம்ப இளைச்சிருக்கார், வயித்தைத் தவிர. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்."

"முதல்ல சொன்னது போதும் மேடம்," என்ற தேர்வாளரின் சிடுசிடுப்பு எங்கோ போயிருந்தது. "மிச்சத்தையும் முடிச்சிடும்மா. நீ பாஸ்தான், பயப்படாதே."

மாணவி அழுகையும் சிரிப்புமாக மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். திரை அணைந்தது.

"சட்டையைப் போட்டுக்கலாமா?" என்று எழப்போனார் கணவர்.

"சும்மா படுங்க," என்றார் பேராசிரியை. "நான் இன்னும் பார்த்து முடிக்கல."