முந்தி ஒளி

மூன்றே நிமிடத்தில், ஓர் ஆங்கிலச் சொல்கூட இல்லாமல், என் ஆராய்ச்சியைத் தமிழில் சொல்ல வேண்டும். பிறகு அறிவியல் படிக்காத ஒருவர் தமக்குப் புரிந்ததை நடுவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் எனக்குச் சிலி நாட்டுத் தொலைநோக்கியில் மூன்று மாதம். சொல்லாவிட்டால் வழக்கம்போல் அடுத்தவர் எடுத்த படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது தெரிந்தால் போட்டியிலிருந்தே நீக்கம்.

ஆறு வருடமாக நான் மல்லுக்கட்டுவது காமாக் கதிர் வெடிப்புகளோடு. பெரிய நட்சத்திரம் ஒன்று சாகும்போது சில விநாடிகள் காமாக் கதிரில் வானத்தையே தூக்கி அடிக்கும். அந்த முதல் ஒளி எப்படி உண்டாகிறது என்பதில் உலகம் முழுக்க இன்னும் சண்டை. எனக்கு அந்தச் சண்டை சோற்றைவிடப் பிடிக்கும்.

எங்கள் வீட்டுத் தறியில் நெய்யும் சுபத்ரா அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். வாய் ஜாஸ்தி, கூச்சம் துளியும் கிடையாது. மடிக்கணினியில் நடுவர் ரேணுகாதேவி சென்னையிலிருந்து தலையசைத்தார். பக்கத்து வீட்டு விசைத்தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று ஆரம்பித்தேன்.

“சாகும் நட்சத்திரம் பொருளைக் கட்டிகட்டியாக வெளியே வீசுகிறது. மெதுவானது முன்னால் போகிறது. வேகமானது பின்னால் வந்து அதன்மேல் மோதுகிறது. அந்த மோதலில் பிறப்பதுதான் முந்தி ஒளி. அதே பொருள் இன்னும் தூரம் போய் வெளியில் இருக்கும் வாயுவில் மோதும்போது பிந்திய ஒளி வருகிறது.”

இதையே விரித்துச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. எழுதி வைத்திருந்தது ‘முந்தைய ஒளி’. பதற்றத்தில் வாயில் வந்தது ‘முந்தி ஒளி’. எங்கள் தெருவில் முந்தி என்றால் புடவை முந்திதான், வேறு அர்த்தமே கிடையாது.

“என்ன புரிஞ்சுதுங்க?” என்றார் நடுவர்.

“முந்தி எனக்குத் தெரியாதாங்க?” என்றாள் அக்கா. “ஜரிகை அங்கதான ஜாஸ்தி. அதான் பளபளன்னு கீது.”

சிலி கையை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். நடுவர் சிரிக்கவில்லை.

“அப்ப முந்தி ஒளியும், பின்னாடி வர்ற ஒளியும் வேற வேறயா?”

என் ஆய்வேட்டின் இருநூறு பக்கமும் தொங்குவது இந்த ஒரு கேள்வியில்தான். சரியான ஆளிடம் போய்க் கேட்டார்களே என்று எரிச்சலாக வந்தது.

“வேற எப்டிங்க ஆவும்? நீளத்துக்குப் போற பாவு முந்திக்கும் பொடவ உடம்புக்கும் ஒண்ணுதான. குறுக்கால ஓட்டற ஊடைதான் வேற. நட்சத்திரம் ஒரே பாவா வுட்டுகினு கீது. அது மேலயே அது மோதிக்கினா முந்தி. வெளிய கீற காத்துல மோதுனா உடம்பு. அவ்ளோதாங்க.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருநூறு பக்கத்தை அக்கா இரண்டு மூச்சில் நெய்து முடித்துவிட்டாள். எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது.

நடுவர் என் பக்கம் திரும்பினார். “இது நீங்க சொல்லிக்குடுத்ததா, தேவிப்ரியா?”

“இல்லைங்க மேடம். நான் சொன்னதே தப்பு. முந்தைய ஒளின்னு சொல்ல வந்து வாய் தவறிடுச்சு. அக்கா புடவை முந்தின்னு நெனச்சிக்கினாங்க.”

உண்மையைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரமே இல்லாமல் துடைத்தார்.

“நல்லவேளை தவறுச்சு,” என்றார். “பாஸ்போர்ட் இருக்குதில்ல?”

நான் அக்காவைக் கட்டிப்பிடித்துக் கத்திய கத்தலில் விசைத்தறிச் சத்தமே கேட்கவில்லை. அவள் என்னை விலக்கிவிட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

“அதான் நான் இங்கயே குந்திகினு சொல்லிட்டேனே. அவ்ளோ தூரம் போயி நீ இன்னாத்த பாக்கப் போற?”

“நீங்க சொன்னது சரியான்னு பாக்கத்தான்க்கா.”