ஐந்தாம் வரிசையில் மோதும் துடுப்புகள்

மேளம் சரியாகத்தான் விழுந்தது. ஆனாலும் ஐந்தாம் வரிசைத் துடுப்புகளும் ஆறாம் வரிசைத் துடுப்புகளும் மோதிக்கொண்டன. மேளம் அடித்த செல்வமலர் வேகத்தைக் குறைத்தாள், மோதின. கூட்டினாள், இன்னும் பலமாக மோதின. மோதும் இடம் மட்டும் மாறவேயில்லை.

டிராகன் படகில் பத்து வரிசை, வரிசைக்கு இரண்டு பேர். எல்லோரும் படகு போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மேளம் அடிப்பவர் மட்டும் படகின் மூக்கில், டிராகன் தலைக்குப் பின்னால், அவர்களைப் பார்த்தபடி இருப்பார். ஒருவர் பின்னால் ஒருவராக இருப்பவர்கள் ஒன்றாகத் துடுப்புப் போட்டால் இரண்டு துடுப்புக்கும் இடையே உள்ள தூரம் எப்போதும் ஒரே அளவுதான். ஒரே ரயிலின் இரண்டு பெட்டிகள் மோத முடியாதது போல அவையும் மோத முடியாது. முன்னவருடைய துடுப்பு பின்னால் வரும் நேரத்தில் பின்னவருடைய துடுப்பு முன்னால் போனால்தான் இடிக்கும். அப்படியென்றால் இரண்டு பேரும் நேர் எதிராகப் போடுகிறார்கள். இரண்டு பேருக்கும் கேட்பதோ ஒரே மேளம். இதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

"ஆறாவது வரிசை லேட்டு" என்றார் ஐந்தாம் வரிசையில் இருந்த நரசிம்மன், திரும்பிப் பார்க்காமலே. சேலத்துக்காரர். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முன்பாதிப் படகு முழுவதும் அவர் கூட்டி வந்த தமிழ்நாட்டு ஆட்கள். "மீன் ஓடிடும்னு பயந்து மெதுவா போடுறீங்களா சார்? இது ரேஸ்."

"சேலத்தில கடல் எந்தப் பக்கம் தம்பி?" ஆறாம் வரிசையில் இருந்த கஸ்பர் கேட்டார். யாழ்ப்பாணத்துக் குருநகர் மீனவக் குடும்பத்துக்காரர், பின்பாதி முழுக்க அவருடைய சொந்தக்காரர். "பாத்ரூமிலயோ?"

பின்பாதி சிரித்தது. நரசிம்மன் துடுப்பின் பிடியை முழங்கையோடு பின்னுக்குத் தள்ளினார். தற்செயல் போலத்தான். அது கஸ்பரின் முழங்காலில் போய் இடித்தது.

1994 வைகாசி மாதக் கடைசி. இரண்டு கூட்டத்திடமும் இருபது பேர் இல்லாததால் லண்டன் இல்ஃபோர்ட் தமிழ்ச் சங்கம் இவர்களை ஒரே படகில் ஏற்றி டாக்லண்ட்ஸ் பழைய துறைமுகத்துக்கு அனுப்பியிருந்தது. சீனர்களின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் பண்டிகைப் போட்டிக்கு இன்னும் ஒரு வாரந்தான் இருந்தது.

செல்வமலரைச் சங்கத்தில் தேநீர் ஊற்றத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மேளக்காரர் எடை குறைந்தவராக இருக்கவேண்டும் என்று தெரிந்த பிறகு அவளை மூக்கில் தூக்கி வைத்தார்கள். அந்த இடம் அவளுக்குப் பிடித்துப்போனது. செவன் கிங்ஸ் தையற்கூடத்தில் அவள் பார்ப்பது மேற்பார்வைக்காரியின் முதுகை மட்டும். இங்கே இருபது ஆண்கள் அவள் கையைப் பார்த்தாக வேண்டும்.

ஆனால் அந்த இடம் இன்று போய்விடும் போலிருந்தது. பின்னால் நின்று நீளத் துடுப்பால் படகைத் திருப்பும் தலைவர் பாலேந்திரா காலையிலேயே சொல்லிவிட்டார்: "இண்டைக்கும் இடிபட்டால் மேளத்துக்கு வேற ஆள் பாக்கவேணும் செல்வமலர். நீர் குறை நினைக்காதையும்."

அடுத்த ஓட்டத்தில் துடுப்பு முறிவது போன்ற சத்தத்தோடு மோதல். கஸ்பர் போட்ட கூச்சலில் அவள் கையிலிருந்த மேளத்தடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. வேகத்தில் இருந்த ஆட்கள் நிறுத்தவில்லை. மேளமில்லாமல் படகு போனது. துடுப்புகள் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின. ஐந்தும் ஆறும் மோதவேயில்லை.

அவர்கள் படகைத் திருப்பி மிதந்த தடியை எடுத்துக் கொடுத்தார்கள். அவள் அடித்தாள். உடனே மோதின.

பாலேந்திரா நீளத் துடுப்பைத் தூக்கிப் பிடித்துப் படகை நிறுத்தினார். "அப்ப எல்லாருக்கும் விளங்குது. மேளம் இல்லாட்டி ஒழுங்காப் போகுது."

"நான் முதல்லேர்ந்து சொல்றேன், அந்தம்மாவுக்குத் தாளம் வராது" என்றார் நரசிம்மன்.

"அது மெய்தான்" என்றார் கஸ்பர். அன்று அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

கரைக்கு வந்தார்கள். படகுச் சொந்தக்காரர் லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவருடைய மனைவி பண்டிகைக்காக இலையில் கட்டி அவித்த ஒட்டரிசிப் பொட்டலங்களைத் தட்டில் நீட்டினாள். நரசிம்மன் எடுத்ததைக் கண்டதும் கஸ்பர் கையை இழுத்துக்கொண்டார்.

"மேளத்தை வைத்து ஏன் இவ்வளவு சண்டை?" என்று லாம் ஆங்கிலத்தில் செல்வமலரிடம் கேட்டார். "ஒரு கவிஞர் ஆற்றில் விழுந்து செத்தார். அவருடைய பிணத்தை மீன் தின்னக்கூடாது என்று ஜனங்கள் படகில் போய் மேளம் அடித்தார்கள், அரிசி போட்டார்கள். மீனை விரட்டத்தான் மேளம். துடுப்புப் போடுகிறவனுக்கு அல்ல. அடுத்த டீம் காத்திருக்கிறது. இன்னும் ஒரு தரம் போகலாம், அவ்வளவுதான்."

துடுப்புப் போடுகிறவனுக்கு அல்ல. செல்வமலர் பொட்டலத்தைப் பிரிக்காமல் யோசித்தாள். மேளம் இல்லாதபோது இவர்கள் எப்படி ஒன்றாகப் போட்டார்கள்? கேட்பதற்கு ஒன்றுமில்லை. முன்னால் இருப்பவனைப் பார்த்துப் போட்டார்கள். மேளம் இருக்கும்போது பார்ப்பதை விட்டுக் கேட்கிறார்கள். கேட்பதில்தான் கோளாறு.

அவள் கஸ்பருக்கு முன்னால் போய் நின்றாள். "கஸ்பர் அண்ணை, நான் கை தட்டுறன். நீங்கள் துடுப்புப் போடுற மாதிரி முழங்காலில அடியுங்கோ."

"பகிடியோ தங்கச்சி?"

"பகிடி இல்லை. அடியுங்கோ."

அவள் தட்டினாள். அவர் அடித்தார். அவருடைய அடி அவளுடைய தட்டலில் விழவில்லை. இரண்டு தட்டலுக்கு நடுவில் சுத்தமாக விழுந்தது. நரசிம்மனையும் அடிக்கச் சொன்னாள். முனகிக்கொண்டே அடித்தார். அது தட்டலிலேயே விழுந்தது.

"பாத்தீங்களா, லேட்டு" என்றார் நரசிம்மன்.

"லேட் இல்லையடா" என்றார் கஸ்பர். "முதல் கூப்பிடவேணும், பிறகு இழுக்கவேணும். கரைவலை இழுக்கேக்க அம்பாப் பாட்டுப் பாடுறவன் ஒரு குரல் குடுப்பான், அது முடியத்தான் எல்லாரும் சேந்து இழுக்கிறது. கூப்பிடுறபோதே இழுக்கிறவன் விசரன்."

"ஆபீஸ்ல பெல் அடிச்சா அடிச்ச உடனே வரணும் சார். அடிச்சு முடிஞ்சப்புறம் வர்றவனைத்தான் லேட்டுன்னு சொல்லுவாங்க."

அவளுக்கு விளங்கிவிட்டது. கஸ்பரின் ஆட்களுக்கு மேளம் என்பது கூப்பிடும் குரல்; பதில் அதற்குப் பிறகு. நரசிம்மனின் ஆட்களுக்கு மேளமே இழுப்பு. இரண்டும் பிழையில்லை. இரண்டும் ஒரே படகில் இருந்தால் ஐந்தாம் வரிசையும் ஆறாம் வரிசையும் சந்திக்கும் இடத்தில் இடிக்கும். எந்தக் கூட்டத்தின் காதையும் ஒரு வாரத்தில் மாற்ற ஏலாது. மாற்றச் சொன்னால் எவனும் கேட்கப்போவதுமில்லை.

"கடைசி ஓட்டம்" என்றாள் பாலேந்திராவிடம். "நான் சொல்லுற மாதிரி இருங்கோ. இடிபட்டால் நானே இறங்குறன்."

"என்ன செய்யப்போறீர்?"

"கஸ்பர் அண்ணையும் நரசிம்மனும் முதல் வரிசை. பக்கத்தில பக்கத்தில."

"அவர் பக்கத்துலயா? முடியாது" என்றார் நரசிம்மன்.

அவள் அவரைத் தனியே கூட்டிப்போனாள். "அவர் பிந்துவார் எண்டுதானே சொல்லுறியள்? பக்கத்தில இருந்தால்தானே பிடிக்கலாம். கண்ணை எடுக்காதேங்கோ." பிறகு கஸ்பரிடம் போனாள். "அண்ணை, அந்தாள் அவசரப்படும். முந்த விடாதேங்கோ. கையைப் பாத்துக்கொண்டே இருங்கோ."

"நீ சொல்லவே வேணும்?" என்றார் கஸ்பர்.

பின்னால் இருந்தவர்களுக்கு அவள் ஒன்றை மட்டும் சொன்னாள்: "மேளத்தை மறந்திடுங்கோ. முன்னுக்கு இருக்கிறவற்ற துடுப்பைப் பாருங்கோ."

படகு புறப்பட்டது. முதல் வரிசையில் இரண்டு பேரும் கழுத்தைச் சற்றே சாய்த்து ஒருவர் கையை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் துடுப்பைத் தூக்க, மற்றவரும் விட்டுக்கொடுக்காமல் தூக்கினார். இரண்டு துடுப்பும் ஒரே கணத்தில் தண்ணீரைத் தொட்டன. அந்தக் கணத்தில் அவள் மேளத்தில் அடித்தாள். அடுத்த தடவையும் அப்படியே. அவள் அவர்களை அடக்கவுமில்லை, முடுக்கவுமில்லை. அவர்கள் போட்டபோது அடித்தாள். ஐந்தாம் வரிசை, ஆறாம் வரிசை, பத்தாம் வரிசை வரை துடுப்புகள் ஒன்றாக இறங்கின. மறுகரைச் சுவர் வரை ஒரு மோதல்கூட இல்லை.

"கள்ளன், கடைசியில முந்தப் பாத்தவன்" என்றார் கஸ்பர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நீங்கதான் இழுத்துப் பிடிச்சீங்க" என்றார் நரசிம்மன்.

கரையேறியபோது பாலேந்திரா அவளுடைய தடியைக் கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்துக்கு அவளைக் கூட்டிப்போய், "அடுத்த ஞாயிறும் இப்படித்தானோ? என்ன செய்தனீர், சொல்லும்" என்றார்.

"ஓம், இப்படித்தான். ஒருத்தரை ஒருத்தர் நம்பாத ரெண்டு பேரை முதல் வரிசையில இருத்தவேணும். பின்னுக்கு இருக்கிறவை கேக்கிறதில்லை, பாக்கிறது. மேளத்துக்குத் துடுப்பு இல்லை அண்ணை, துடுப்புக்குத்தான் மேளம்."